தையல் கூலி வேறு, டிசைன் கூலி வேறு



தையல் தெரிந்தவர் இல்லாத குழுவைப் பார்ப்பது கஷ்டம். ஒரு குழுவுக்கு மூன்று நான்கு வீட்டிலாவது மிஷின் ஓடுகிறது. ஆரி ஒர்க் படித்தவர்களும் கூடிவிட்டார்கள். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கும் பிளவுஸும் கையுமாகத்தான் இருக்கிறோம். ஆனால் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். துணி இவ்வளவு, நூல் இவ்வளவு, தையல் கூலி இவ்வளவு. அத்தோடு முடிந்தது. கழுத்துக்கு என்ன பூ போடலாம், இந்தப் பச்சைக்கு எந்த மஞ்சள் எடுக்கும், பார்டரைக் கையில் வைப்பதா முதுகில் வைப்பதா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோமே, அதற்குக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

இந்த மாதப் பாடம் அந்த விட்டுப்போன வரியைப் பற்றியது. இதைப் புரிந்துகொள்ள ஒரு பெண்ணின் கதை நமக்கு உதவும். அவர் பெயர் பாபிபென் ரபாரி. குஜராத் மாநிலம், கட்ச் மாவட்டம், அஞ்சார் வட்டத்தில் உள்ள பத்ரோய் கிராமத்தைச் சேர்ந்தவர். குஜராத்தியில் 'பென்' என்றால் சகோதரி. நாம் பெயரோடு 'அக்கா' சேர்த்துக் கூப்பிடுகிற மாதிரிதான். அவர் நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "டிசைன் எல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்" என்று நம்மில் பாதிப் பேர் ஒதுங்கிவிடுகிறோம்.

ரபாரி வீட்டு ஊசி

கட்ச் வறண்ட பூமி. மழை குறைவு. ரபாரிகள் அங்கே ஒட்டகம், ஆடு, மாடு மேய்க்கும் சமூகத்தினர். மேய்ச்சல் தேடி ஆண்கள் மாதக்கணக்கில் கிடையோடு போய்விடுவார்கள். வீடு, தண்ணீர், பிள்ளைகள், வரவு செலவு எல்லாம் பெண்கள் தலையில். அந்த வேலைக்கு நடுவில்தான் பூத்தையலும்.

அவர்கள் தையலைப் பார்த்தால் உடனே அடையாளம் தெரியும். முதலில் சங்கிலித் தையலால், அதாவது நாம் செயின் ஸ்டிட்ச் என்கிறோமே அதனால், உருவத்தின் வெளிக்கோட்டைப் போட்டுவிடுவார்கள். பிறகு உள்ளே கண்ணாடி பதிப்பார்கள். வட்டம் மட்டுமல்ல, சதுரம், முக்கோணம், பாதாம் பருப்பு வடிவம் என்று கண்ணாடியையே பல மாதிரி வெட்டி வைப்பார்கள். ஒட்டகம், கிளி, தேள், மாமரம், குடம் சுமக்கும் பெண், அம்மன் கோயில் எல்லாம் அந்தத் துணியில் இருக்கும். கண்ணால் பார்த்த வாழ்க்கையைத்தான் தைத்தார்கள்.

நாம் இப்போது பழகுகிற ஆரி ஊசிக்கும் கட்சுக்கும் சம்பந்தம் உண்டு. தோல் தைக்கிறவர்கள் வைத்திருந்த கொக்கி ஊசிதான் துணிக்கு வந்து ஆரி ஆனது. கட்சின் மோச்சி சமூகத்தார், அதாவது தோல் வேலை செய்தவர்கள், அந்த ஊசியால் பட்டுத் துணியில் பூ போட்டு அரண்மனைக்குக் கொடுத்தார்கள். ஆரி ஊசியைக் கையில் எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியைத் தடை செய்த பெரியவர்கள்

ரபாரிப் பெண் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போக வேண்டுமானால், சீர் கொண்டு போக வேண்டும். அந்தச் சீர் முழுக்க அவளும் அவள் அம்மாவும் கையால் தைத்த பூத்துணி. பாவாடை, ரவிக்கை, பைகள், வாசல் தோரணம், மாப்பிள்ளைக்குச் சட்டை என்று பட்டியல் நீளம். வருஷம் ஆக ஆகப் பட்டியலும் நீண்டுகொண்டே போனது. பக்கத்து வீட்டுப் பெண் பத்துப் பை கொண்டு போனால் நம் வீட்டுப் பெண் பன்னிரண்டு கொண்டு போக வேண்டாமா? இந்தப் போட்டி நமக்குப் புதிதல்ல. இங்கே பவுனில் நடக்கிறது, அங்கே ஊசியில் நடந்தது.

தைத்து முடிகிற வரை பெண் தாய் வீட்டிலேயே இருந்தாள். சில பெண்களுக்கு வயது முப்பதையும் தொட்டது. கல்யாணம் பேசி முடித்தும் குடும்பம் நடத்த முடியாத நிலை. கடைசியில் 1995-ல் தேபாரியா ரபாரிகளின் பெரியவர்கள் கூடி, இனி நம் சமூகத்தார் தங்கள் உபயோகத்துக்குக் கையால் பூத்தையல் போடக் கூடாது என்று தடை விதித்தார்கள். மீறினால் அபராதம்.

தடை சரியா தவறா? குழுவில் பேசினால் இரண்டு கட்சியாகத்தான் பிரிவோம். பெண் பிள்ளைகளின் வயது கரைந்துகொண்டிருந்தது, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஊசி பிடித்தவர்கள் பெண்கள், தீர்ப்புச் சொன்னவர்கள் ஆண்கள். சீரின் அளவைக் குறையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கலையையே கீழே வைக்கச் சொன்னது எனக்கு ஏற்கவில்லை.

பெண்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. தடை கைத்தையலுக்குத்தானே? கடையில் விற்கிற ரிப்பன், ஜரிகை, ஜிக்ஜாக் லேஸ் வாங்கி, மிஷினில் வைத்துத் தைத்தார்கள். மாதக்கணக்கான வேலை சில நாளில் முடிந்தது. பளபளப்பும் குறையவில்லை, சட்டத்தையும் மீறவில்லை!

தண்ணீர் சுமந்த பெண்

பாபிபென்னுக்கு ஐந்து வயதிருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். மூன்று பெண் பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். அம்மா கூலி வேலைக்குப் போனார். இவர் அடுத்த வீடுகளுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றி ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சம்பாதித்தார். படிப்பு நின்றது அப்படித்தான். ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அம்மா.

1998-ல் ரபாரிப் பெண்கள் தையல் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கே வெளியூர் விற்பனைக்காகப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழுவில்தான் இவர் பழைய ரபாரிப் பூவேலையின் அழகையும் புதிய ரிப்பன் வேலையின் வேகத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். 'ஹரி ஜரி' என்று பெயர் வைத்து இந்த முறையை உருவாக்கியவராக இன்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிப்போம். ரிப்பன் இவர் கண்டுபிடித்ததல்ல, மிஷினும் அல்ல. ஊரில் எத்தனையோ பெண்கள் அதே ரிப்பனை அதே மிஷினில் தைத்தார்கள். அப்படியானால் இவர் செய்தது என்ன? எந்த ரிப்பனுக்குப் பக்கத்தில் எது வர வேண்டும், எத்தனை விரல் இடம் விட வேண்டும், கறுப்புத் துணியில் சிவப்பு எங்கே நின்றால் கண் அங்கே போகும், இது பாவாடைக்கு வேண்டாம் பைக்குப் போதும் என்றெல்லாம் இவர் முடிவு செய்தார். டிசைன் என்பது இந்த முடிவுகள்தான். படம் வரையத் தெரிந்தால்தான் டிசைன் வரும் என்பதில்லை. நம் வீட்டு வாசலில் புள்ளி எண்ணாமல் கோலத்தை விரிக்கிறவர் செய்வதும் அதே முடிவுதான். என்ன, அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

பெயர் வந்த பை

பாபிபென்னுக்கு 18 வயதில் கல்யாணம். அந்தக் கல்யாணத்தைப் பார்க்க வந்திருந்த சில வெளிநாட்டுக்காரர்களுக்குத் தான் செய்த பைகளைப் பரிசாகக் கொடுத்தார். கொண்டு போனவர்கள் அதை 'பாபி பை' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. பிற்பாடு அந்தப் பை சினிமாக்களில்கூட வந்தது.

கதையில் இந்தப் பை விஷயத்தைக் கவனியுங்கள். கட்சிலிருந்து எத்தனையோ லட்சம் பூத்தையல் துணிகள் வெளியே போயிருக்கின்றன. கடையில் 'கட்ச் ஒர்க்' என்று ஒரே அட்டையில் தொங்கும். தைத்தவர் பெயர் இருக்காது. இந்தப் பைக்கு மட்டும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் "பாபி பைதான் வேண்டும்" என்று கேட்டு வாங்க ஒரு ஆள் கிடைத்தார். விலையை இறக்க "அடுத்த கடையில் வாங்கிக்கிறேன்" என்ற மிரட்டல் அந்த இடத்தில் செல்லாது.

பிறகு பாபிபென் தன் பெயரிலேயே தொழில் தொடங்கினார். ஊர்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்காரர் துணை நின்றார். வெளிச்சந்தையைத் தெரிந்தவர்களின் உதவியும் கிடைத்தது. அகமதாபாத்திலிருந்து வந்த முதல் பெரிய ஆர்டர் 70,000 ரூபாய். கிராமத் தொழில்முனைவோருக்கான ஜானகிதேவி பஜாஜ் விருது 2016-ல் அவருக்குக் கிடைத்தது. ஆர்டர் பெருகப் பெருக இன்னும் பல பெண்கள் சேர்ந்தார்கள்.

வீட்டு வேலைக்கு நடுவில்

"அக்கா, அதெல்லாம் சரி. எனக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் எங்கே?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மாடு கறக்க வேண்டும், பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும், மாமியாருக்கு மாத்திரை, குழாயில் தண்ணீர் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

பாபிபென்னோடு சேர்ந்த பெண்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். மாடும் அடுப்பும் அங்கேயும் உண்டு. யாரும் காலை ஒன்பது முதல் ஐந்து வரை மேஜையில் உட்கார்ந்து டிசைன் போடவில்லை. கை வேறு வேலையில் இருக்கும்போதுதான் யோசனை வரும். தண்ணீர்க் குடத்தோடு நடக்கும்போது எதிரில் வருகிறவள் சேலையில் இரண்டு நிறம் கண்ணில் படும். அதை அப்படியே மறந்துவிடாமல் ராத்திரிக்குள் ஒரு துண்டுத் துணியில் நாலு தையல் போட்டு வைத்தால் போதும். அதுதான் டிசைனரின் அன்றைய வேலை.

கட்சில் இதைப் புரிந்துகொண்டு ஒரு பள்ளியே நடத்தினார்கள். 2005-ல் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயா, கைவினைக்காரர்களுக்கு டிசைன் சொல்லிக்கொடுத்த பள்ளி. ஒரு வருஷப் படிப்பு. ஆனால் வருஷம் முழுக்க அங்கே தங்க வேண்டியதில்லை. இரண்டு வாரப் பாடம், பிறகு வீட்டுக்குப் போய் அதைத் தைத்துப் பழகி வர வேண்டும், மறுபடி இரண்டு வாரம். இப்படி ஆறு முறை. பெண்களுக்குத் தனி வகுப்பு. நிறம், அடிப்படை டிசைன், சந்தை, கடைசி நேர்த்தி, காட்சிக்கு வைப்பது என்று பாடங்கள். சொல்லிக்கொடுக்கிறவர்கள் "இந்தப் படத்தைத் தை" என்று தாளைக் கொடுக்கவில்லை. "உன் பாட்டி தைத்ததில் உனக்குப் பிடித்தது எது, அதை எப்படி மாற்றுவாய்?" என்கிற வழியில்தான் பாடம் நடந்தது. நம் பயிற்சிகளில் ஒரே மயில், ஒரே மாங்காய். 30 பேரும் அதையே தைத்துவிட்டுச் சான்றிதழ் வாங்குகிறோம். பிறகு 30 பேரும் ஒரே கடைக்குப் போய் ஒரே மயிலைக் காட்டினால் கடைக்காரர் கூலியைக் குறைக்காமல் என்ன செய்வார்?

இப்போது கணக்கு

ஒரு கைப்பையை எடுத்துக்கொள்வோம். கீழே சொல்லும் தொகை எல்லாம் உதாரணம்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

துணி 60, லைனிங் 25, ஜிப்பும் கைப்பிடியும் 30, ரிப்பன், கண்ணாடி, நூல் 35. பொருள் செலவு மொத்தம் 150 ரூபாய். மின்சாரம், பஸ், மிஷின் தேய்மானம் 20. ஒரு பை தைக்க 5 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் என்றால் கூலி 250. ஆக 420. வழக்கமாக நம் கணக்கு இங்கேயே நின்றுவிடும். பல பேர் பஸ் காசையும் மிஷின் தேய்மானத்தையும்கூடப் போடுவதில்லை.

விட்டுப்போன வரியை இப்போது எழுதுவோம். முதல் மாதிரிப் பை சரியாக வர 3 நாள் ஆனது. நாளுக்கு 8 மணி என்றால் 24 மணி நேரம், 1,200 ரூபாய். பிரித்துப் பிரித்துத் தைத்ததில் வீணான துணி, ரிப்பன் 300. டிசைன் செலவு 1,500. இதை முதல் பை மேலேயே ஏற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள். அதே டிசைனில் 50 பை தைப்போம் என்றால் பைக்கு 30 ரூபாய்தான் வரும். 420-ம் 30-ம் 450. இது நமக்கு அடக்க விலை. குழுவுக்கு லாபமாக ஒரு 70 சேர்த்தால் 520.

இப்போது கடைக்காரர் "300 ரூபாய்க்குத் தர்றியாம்மா?" என்று கேட்கிறார். 150-ம் 20-ம் போனால் மிச்சம் 130. ஐந்து மணி நேரத்துக்கு 130, அதாவது மணிக்கு 26 ரூபாய். மூன்று நாள் யோசனைக்கு ஒன்றுமில்லை. களை எடுக்கப் போயிருந்தால் இதைவிடக் கூடக் கிடைத்திருக்கும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், எதற்குச் சரி என்பது, எதற்கு வேண்டாம் என்பது நமக்கே தெரியும். தெரிந்தே குறைத்துக் கொடுப்பது வேறு. கணக்குத் தெரியாமல் கொடுப்பது வேறு.

இன்னொன்று. குழுவில் ஒருவர் டிசைன் போட்டு, மற்றவர்கள் அதைத் தைக்கிறார்கள் என்றால் அந்த 30 ரூபாய் யாருக்கு? டிசைன் போட்டவருக்குத்தான். "நாங்களும்தானே தைக்கிறோம்" என்று சண்டை வரும். தைத்ததற்கு 250 அவரவர் கையில் வந்துவிட்டது, இது வேறு வேலைக்குக் கூலி என்று ஆரம்பத்திலேயே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த டிசைனை வேறொருவர் போடட்டும், அப்போது அவருக்குப் போகும்.

டிசைன் நோட்டும் காப்பி அடிக்கும் பிரச்சனையும்

சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு மாதிரி ஒரு டிசைன் நோட்டு போடுங்கள். பெரிய லெட்ஜர் வேண்டாம், பிள்ளைகளின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்கள் போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு டிசைன். துண்டுத் துணியில் தைத்த மாதிரியைப் பின் குத்தி வையுங்கள். பக்கத்தில் தேதி, போட்டவர் பெயர், நூல் நிறம், எத்தனை மணி நேரம், எவ்வளவு பொருள். சரியாக வராததையும் தூக்கி எறியாதீர்கள். ஏன் வரவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். வாங்க வருகிறவரிடம் இந்த நோட்டைக் காட்டலாம், ஆனால் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். செல்போனில் படம் எடுக்கிறாரா என்றும் ஒரு கண் வையுங்கள்.

காப்பி அடித்தால் என்ன செய்வது? 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி புதிய டிசைனைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும், கட்டணம் கட்டி இன்னும் 5 வருஷம் நீட்டலாம். சென்னை கிண்டியில் இதற்கு அலுவலகம் இருக்கிறது. ஒரு முக்கிய விஷயம்: கண்காட்சியில் வைத்து ஊரெல்லாம் பார்த்த பிறகு போனால் அது புதியது ஆகாது, முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நீலகிரி தோடர் பூத்தையலுக்கு 2013-ல் கிடைத்த புவிசார் குறியீடு வேறு வகை. அது ஒரு ஆளுக்குச் சொந்தமல்ல, அந்தச் சமூகத்தின் கலைக்குப் பாதுகாப்பு.

என் அபிப்பிராயம், சின்னக் குழுக்கள் எல்லா டிசைனையும் பதிவு செய்ய அலைய வேண்டாம். நன்றாக ஓடுகிற ஒன்றிரண்டுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். ஒருவர் காப்பி அடிப்பதற்குள் நாம் அடுத்த டிசைனுக்குப் போய்விடுவது செலவு குறைந்த வழி. அதற்குத்தான் நோட்டில் எப்போதும் இரண்டு மூன்று டிசைன் கையிருப்பு இருக்க வேண்டும் என்பது. கைவினைஞர் அடையாள அட்டை இல்லாதவர்கள் அதற்கும் விண்ணப்பித்து வையுங்கள். மத்திய அரசின் கைவினை வளர்ச்சித் துறை கொடுப்பது. கண்காட்சிகளில் கடை போட விண்ணப்பிக்கும்போது உதவும்.

அடுத்த கூட்டத்துக்கு

தையல் செய்கிற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு துணியைக் கொண்டு வாருங்கள். கடைக்காரர் கொடுத்த மாதிரி வேண்டாம், நீங்களே முடிவு செய்து தைத்ததாக இருக்க வேண்டும். அம்மாவோ பாட்டியோ தைத்த பழைய துணி வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். தொட்டில் சேலை, தலையணை உறை எதுவானாலும் சரி. பாயில் விரித்து வைத்துப் பாருங்கள். எதில் யார் என்ன முடிவு செய்தார்கள், எத்தனை நேரம் ஆனது, என்ன விலை கேட்கலாம் என்று பேசுங்கள். எழுதத் தெரிந்த ஒருவர் டிசைன் நோட்டின் முதல் பக்கத்தைக் கூட்டத்திலேயே எழுதி, போட்டவர் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிவிடட்டும். ஊக்குநர்கள் அந்த நோட்டை மாதாந்திரக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், மற்ற ஊர்க் குழுக்களும் பார்க்கட்டும். படம் எடுக்க மட்டும் அனுமதிக்க வேண்டாம்!